பெல்ட்டுக்கு வளர்பிள்ளைக் கணக்கு உதவாது

நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. வளரும் பிள்ளைக்கு எதை வாங்கினாலும் ஓர் அளவு பெரிதாகவே வாங்குவோம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வாங்கும் சீருடையின் கால்சட்டையை உள்ளே மடித்துத் தைப்போம். இரண்டு வருடம் கழித்து அந்த மடிப்பைப் பிரித்து விடுவோம். பூட்ஸின் முனையில் பஞ்சு வைத்து அடைப்போம். ஊரை விட்டு வந்து, ஒற்றைச் சம்பளத்தில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடித்தனம் நடத்திய தலைமுறைக்கு இது சிக்கனம் மட்டுமல்ல, புத்திசாலித்தனமும்கூட. நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வாங்கினேன். அந்தக் கால்சட்டைகள் நன்றாகவே உழைத்தன.

ஆனால் இந்தக் கணக்குச் செல்லாத ஒரு பொருள் இப்போது நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. அது பளு தூக்கும் பெல்ட். எங்கள் கோபர்கைரனேயில் செக்டாருக்குச் செக்டார் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் டியூஷன், மாலையில் ஜிம் என்று ஓடுகிறார்கள். ஆறு மாதம் ஆனதும் வீட்டுக்கு வரும் முதல் கோரிக்கை புரோட்டீன் பவுடர்; இரண்டாவது கோரிக்கை பெல்ட். பவுடரைப் பற்றி வேறொரு சமயம் பேசலாம். பெல்ட்டைப் பற்றி ஒரு பழைய மெக்கானிக்கல் டிப்ளமாக்காரன் என்ற முறையில் எனக்குச் சொல்வதற்குச் சில விஷயங்கள் உண்டு.

எங்கள் கட்டடத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மகனுக்கு வயது பதினேழு, ஒல்லியான தேகம். அம்மா கஷ்டப்பட்டுப் பணம் சேர்த்து நல்ல தோல் பெல்ட்டாகவே வாங்கித் தந்தார்கள். "இவன் இன்னும் சதை போடுவான் அண்ணாச்சி, நாலு வருசமாவது வரட்டுமே" என்று ஓர் அளவு பெரிதாக எடுத்து விட்டார்கள். பையன் கடைசி ஓட்டையில் மாட்டினாலும் பெல்ட் இடுப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. அவன் என்ன செய்தான் தெரியுமா? வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு துண்டை நான்காக மடித்துச் செருகிக்கொண்டு பளு தூக்கினான். ஒர்க்ஷாப்பில் இதற்குப் 'பேக்கிங் வைப்பது' என்று பெயர். இயந்திரத்தில் தகுந்த இடத்தில் தகுந்த பேக்கிங் வைக்கலாம். மனித வயிற்றில் துண்டை வைத்தால் அது அழுந்தி நெகிழ்ந்து விடும். பெல்ட் கட்டியதாகத் தோன்றும்; கட்டாததற்குச் சமம்.

அது ஏன் என்று புரிய வேண்டுமானால், இந்தப் பெல்ட் என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பதற்காகத்தான் பெல்ட் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி வேலை முன்பக்கம் நடக்கிறது. பளு தூக்குபவர் மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, அடக்கி, வயிற்றுத் தசைகளை இறுக்குகிறார். வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் முதுகெலும்புக்கு உள்ளிருந்து ஒரு முட்டுக் கொடுக்கிறது. சுற்றிலும் விறைப்பான தோல் பட்டை இருந்தால் வயிறு அதன்மீது மோதித் தள்ளும். அழுத்தம் இன்னும் கூடும்.

சைக்கிளை நினைத்துப் பாருங்கள். டியூபை மட்டும் காற்றடித்தால் அது ஊதிக்கொண்டே போகுமே தவிர பாரம் தாங்காது. மேலே டயர் இறுக்கிப் பிடித்தால்தான் காற்றுக்குப் பலம். வயிறு டியூப், பெல்ட் டயர். பெரிய டயருக்குள் சின்ன டியூபைப் போட்டால் வண்டி ஓடுமா? மூச்சடக்கத் தெரியாமல் பெல்ட் மட்டும் கட்டுவது காற்றடிக்காத டயருக்குச் சமம். ஆகவே பெல்ட் தளர்ந்திருந்தால் பயனில்லை. மூச்சே இழுக்க முடியாதபடி இறுகினாலும் பயனில்லை. அளவு என்பது அழகுக்காக அல்ல. அந்தப் பொருளின் வேலையே அளவில்தான் இருக்கிறது.

நம் முன்னோர்களுக்கு இந்தத் தத்துவம் தெரியாததல்ல. நெல்லைச் சீமையின் பல ஊர்களில் இளவட்டக்கல் கிடக்கும். வழுவழுவென்று உருண்டையான கல். பிடிக்கப் பிடி இருக்காது. அதைத் தூக்கித் தோளுக்கு மேல் போடுகிறவனுக்கே பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வடலிவிளை போன்ற ஊர்களில் பொங்கலை ஒட்டி இன்றும் இந்தப் போட்டி நடக்கிறது, பெண்களும் கலந்துகொள்கிறார்கள். கல்லைத் தொடுமுன் வேட்டியைத் தார்பாய்ச்சி, துண்டை இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொள்வது வழக்கம். 'வரிந்து கட்டிக்கொண்டு' என்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளேயே இந்த அனுபவம் இருக்கிறது. துண்டுக்கு ஒரு சௌகரியம்: அதற்கு அளவு கிடையாது. யார் இடுப்பில் சுற்றினாலும் அவர் இடுப்பின் அளவாகிவிடும். தோல் பெல்ட் அப்படி வளைந்து கொடுக்காது. அதனால் நாம்தான் அளக்க வேண்டும்.

எப்படி அளப்பது? முதல் விதி, பேண்ட் அளவை மறந்துவிட வேண்டும். என் பேரன் இப்படித்தான் வாதாடினான்: "தாத்தா, என் பேண்ட் முப்பத்திரண்டு, அப்போ பெல்ட்டும் முப்பத்திரண்டுதானே?" பேண்ட் நிற்பது இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், தொப்புளுக்குக் கீழே. பளு தூக்கும் பெல்ட் நிற்பது தொப்புள் மட்டத்தில். போதாததற்கு, துணிக் கம்பெனிக்காரர்கள் வாடிக்கையாளர் மனம் குளிர வேண்டும் என்று தாராளமாக வெட்டிவிட்டுச் சின்ன எண்ணை ஒட்டிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளின் உடைகளில் இந்த எண்களை நம்பவே முடியாது. என் பேரனை நிற்கவைத்துத் தொப்புள் மட்டத்தில் டேப் பிடித்தேன். முப்பத்து நாலரை அங்குலம் வந்தது. அவனுக்கே ஆச்சரியம்.

வீட்டில் தையல் மெஷின் டிராயரில் இருக்கும் இஞ்ச் டேப் போதும். கூடத்தில் என்ன பனியனோ டீ-ஷர்ட்டோ போடுகிறார்களோ அதற்கு மேலேயே அளக்கலாம். டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் இறங்கிவிடக் கூடாது. வயிற்றை உள்ளே எக்கவும் வேண்டாம், வெளியே தள்ளவும் வேண்டாம். இளைஞர்களுக்கு அளக்கும்போது எக்குகிற பழக்கம் உண்டு. பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தால் மறந்துவிடுவார்கள். மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது அட்டவணை. எம், எல் என்ற எழுத்துகளுக்கு எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே பொருள் கிடையாது. வாங்கப்போகும் பெல்ட்டின் சொந்த அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அதில் போட்டிருப்பது வயிற்றின் சுற்றளவா, பெல்ட்டின் முழு நீளமா என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கிளில் நுழைந்து மேலே படிய வேண்டிய பகுதியும் சேர்ந்ததுதான் முழு நீளம். இரண்டையும் குழப்பிக்கொள்வது நிறையப் பேருக்கு நேர்கிறது.

உதாரணத்துக்கு ஓர் அட்டவணையில் எஸ் 26 முதல் 32 அங்குலம், எம் 30 முதல் 36, எல் 34 முதல் 40 என்று வைத்துக்கொள்வோம். என் பேரனின் பேண்ட் எண்ணை நம்பினால் எஸ் வாங்கலாம், பக்கிளே எட்டாது. வளர்பிள்ளைக் கணக்குப் போட்டால் எல் வாங்குவோம். முப்பத்து நாலரை அங்குல வயிறு அதன் கடைசி ஓட்டைக்கு அரை அங்குலத்தில் நிற்கும். ஒரு காய்ச்சல் வந்து சற்று இளைத்தால் பெல்ட் வீண். எம் எடுத்தால் பெரிதாக ஒன்றரை அங்குலமும் சிறிதாக நாலரை அங்குலமும் இடம் இருக்கிறது. நம் அளவு அட்டவணையின் நடுப்பகுதிக்கு எவ்வளவு பக்கத்தில் விழுகிறதோ அவ்வளவு நல்லது. வளர்வதற்கும் இளைப்பதற்கும் இரண்டு பக்கமும் ஓட்டைகள் மிஞ்ச வேண்டும். வளர்பிள்ளைக்கு வேண்டிய இடத்தை அந்த ஓட்டைகளே கொடுத்துவிடும். அதற்காக அளவைக் கூட்ட வேண்டியதில்லை.

சுற்றளவோடு அகலத்தையும் பார்க்க வேண்டும். சாதாரணமாகக் கிடைப்பவை நான்கு அங்குலம், அதாவது பத்து சென்டிமீட்டர். பந்தயங்களிலும் இதற்கு வரம்பு உண்டு: ஒலிம்பிக் பாணிப் பளுதூக்குதலில் பெல்ட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, பவர்லிஃப்டிங்கில் அகலம் 10 சென்டிமீட்டர், தடிமன் 13 மில்லிமீட்டர். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பெல்ட் அடங்க வேண்டும். குட்டையான உடல்வாகு உள்ளவர்களுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகள் பலருக்கு, நான்கு அங்குலம் குனியும்போது விலாவில் குத்தும். அவர்களுக்கு மூன்று அங்குல அகலம் பொருந்தும். தடிமனில் 10 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் என்று இரண்டு உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 10 தாராளம். 13 பழகுவதற்கே மாதக்கணக்காகும்; தோல் உரசிக் காயம் பண்ணும்.

பெல்ட் வந்த பிறகு சரிபார்ப்பது எப்படி? எங்கள் தொழிலில் 'கோ', 'நோ-கோ' என்று இரண்டு கேஜ் வைத்திருப்போம். ஒரு துவாரத்தின் அளவு சரி என்றால் முதலாவது நுழைய வேண்டும்; இரண்டாவது நுழையக் கூடாது. அதையே இங்கும் செய்யலாம். பெல்ட்டைக் கட்டி, மூச்சைச் சாதாரணமாக விட்டு நில்லுங்கள். ஒரு விரல் சற்றுச் சிரமப்பட்டு நுழையலாம். உள்ளங்கை நுழையக் கூடாது. பிறகு ஆழமாக மூச்சிழுத்தால் வயிறு முன்னும் பக்கவாட்டிலும் பெல்ட்டைத் தள்ளுவது தெரிய வேண்டும். உட்கார்ந்து எழும்போது பெல்ட் மேலே ஏறக் கூடாது. இந்தச் சோதனையில் தேறாவிட்டால், சீட்டைக் கிழிப்பதற்கு முன் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொரு குழப்பமும் நடக்கிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மிருதுவான எலாஸ்டிக் பெல்ட் பீரோவில் இருக்கும். "இதுவும் பெல்ட்தானே" என்று மகன் அதைக் கட்டிக்கொண்டு போகிறான். அது வேறு, இது வேறு. அந்த எலாஸ்டிக் பெல்ட் பெரும்பளுவை எதிர்த்து நிற்காது. அதே போல, பளுதூக்கும் தோல் பெல்ட்டை முதுகு வலிக்கு மருந்தாக நாள் முழுதும் கட்டிக்கொள்வதும் தவறு. அமெரிக்காவில் கடைகளில் சரக்குத் தூக்கும் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 160 கடைகள். முடிவு 2000-ஆம் ஆண்டு வெளியானது. வேலை நேரத்தில் இடுப்பு பெல்ட் அணிந்தவர்களுக்கு முதுகு வலியோ காயமோ குறைந்ததாகத் தெரியவில்லை. அது கடை ஊழியர்களின் பெல்ட்டைப் பற்றிய ஆராய்ச்சி. இருந்தாலும், பெல்ட்டைக் கட்டிவிட்டால் முதுகு பத்திரம் என்று நினைப்பவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பாரம் தூக்குவதைப் பற்றிப் பேசும்போது கோபர்கைரனேக்காரன் தன் அண்டை அயலாரை மறக்க முடியாது. வாஷி மொத்த மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் மாத்தாடித் தொழிலாளர்களுக்காக வீடுகள் கட்டப்பட்ட ஊர் இது. 'மாத்தா' என்றால் மராத்தியில் தலை. தலையில் சுமப்பதால் அந்தப் பெயர். 1969-இல் மகாராஷ்டிரத்தில் அவர்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. ஓர் ஆள் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. நம் ஊரிலும் சரி, இங்கும் சரி, தலைச்சுமைக்காரர் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்வார். தன் தலைக்குத் தகுந்தபடி தானே சுற்றிக்கொள்வார். அடுத்தவர் சும்மாட்டை இரவல் வாங்கிச் சுமப்பவரை நான் பார்த்ததில்லை. பிழைப்புக்காகத் தூக்குகிறவர்கள் காட்டும் இந்தக் கவனத்தை உடல்நலத்துக்காகத் தூக்கும் நம் பிள்ளைகளும் காட்ட வேண்டாமா?

பெல்ட் எவ்வளவு பொருந்தினாலும் அது பயிற்சிக்கு ஈடல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1978 எட்மண்டன் காமன்வெல்த் போட்டியில் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் ஏகாம்பரம் கருணாகரன். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்டில் 317 கிலோவுடன் மறுபடியும் தங்கம். தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர் என்பதில் எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்குக் கூடுதல் பெருமை. அந்த இரண்டாவது தங்கத்துக்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடைத் தசையில் காயம்பட்டு, அந்த வலியோடுதான் அவர் போட்டிக்குப் போனார். அப்போது ரயில்வேயில் பணியாற்றிய இன்னொரு வீராங்கனை மீராபாய் சானு, முதுகு வலியால் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் கலந்துகொள்ள முடியவில்லை. பொறுமையாகக் குணமாகித் திரும்பி, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். நல்ல பயிற்சியாளரும், மருத்துவரும், தரமான சாதனங்களும் உள்ளவர்களுக்கே காயம் வருகிறது. யூடியூபைப் பார்த்துப் பயிற்சி செய்யும் நம் பிள்ளைகள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஆகவே முதல் சில மாதங்கள் பெல்ட் இல்லாமலேயே குனிவதையும் நிமிர்வதையும் மூச்சையும் கற்கட்டும். பிறகும், தன்னால் முடிந்த உச்சப் பளுவுக்குப் பக்கத்தில் தூக்கும்போது மட்டும் கட்டினால் போதும். ஒவ்வொரு முறையும் தூக்கி முடித்தவுடன் தளர்த்திவிட வேண்டும். மூச்சடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும். பெல்ட் அதை இன்னும் ஏற்றலாம். இரத்தக் கொதிப்பு, குடலிறக்கம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. மகனோடு சேர்ந்து ஜிம்முக்குப் போக ஆரம்பித்திருக்கும் நாற்பது, ஐம்பது வயது அப்பாக்களுக்கும் இது பொருந்தும்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. பொங்கல் விழா விளையாட்டுப் போட்டிகளுக்குக் கோப்பைகள் வாங்குகிறோம். அதில் இரண்டு கோப்பையைக் குறைத்துக்கொண்டு எஸ், எம், எல் என்று மூன்று பெல்ட்டுகளும் ஓர் இஞ்ச் டேப்பும் வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். பிள்ளைகள் வந்து கட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் அளவைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். விவரம் அறிந்த பயிற்சியாளர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்து, மூச்சையும் குனியும் முறையையும் சொல்லித்தரச் செய்யலாம். அந்த நெல்லைப் பையனின் பெல்ட் மாற்றும் தேதி தாண்டிவிட்டதால் கடைக்குத் திரும்பப் போகவில்லை. அவன் அம்மாவிடம் பேசி, நான்காம் மாடியில் இருக்கும் கொஞ்சம் பருமனான இளைஞருக்கு அதைக் கைமாற்றி விட்டோம். வந்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்துச் சரியான அளவில் வாங்கியாயிற்று. எல்லாக் கட்டடத்திலும் நான்காம் மாடியில் ஆள் கிடைக்க மாட்டார். அதனால் பெற்றோர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் டேப்பை எடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

— ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், கோபர்கைரனே